கருங்கல்லில் ஒரு காதல்

கேள்வி: 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பிராங்கர் போன்ற ஐரோப்பிய ஓவியர்கள் மசியில் வரைந்த புராணக் காதலர்களின் குழைவு கருங்கல்லுக்கு வருமா?

பதில்: வரும். அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரக் கோயிலில், பாதி சிவனும் பாதி உமையுமான அர்த்தநாரியைப் பாருங்கள். மசிக்காரர் நீர்த்த மசியால் நிழலைப் பூசி, வெள்ளையால் ஒளியை ஏற்றினார். ராஜேந்திர சோழனின் சிற்பியோ ஆழத்தை மாற்றி மாற்றி வெட்டி, இரண்டையும் வெயில் பொறுப்பில் விட்டுவிட்டார். கல் முரடாயிற்றே என்பீர்கள். முரடுதான். ஆனாலும் வலப்பக்கம் ஆணின் விறைத்த தோள் இறங்கி, இடப்பக்கம் பெண்ணின் வளைந்த இடையாகும்போது ஒட்டு எங்கே என்று தெரியவில்லை. தழுவிக்கொள்ள மசி ஓவியத்தில் இரண்டு உடல். இங்கே ஒன்றே போதும்! காகிதத்தில் பிழையை வெள்ளை பூசித் திருத்தலாமே, அது வசதியில்லையா? வசதிதான். உளிக்கு அந்தச் சலுகை கிடையாது. தெறித்த மூக்கு தெறித்ததுதான். அதனாலேயே, அதே கோயிலின் வடக்கு வாசலருகே உமையோடு அமர்ந்து, தன் அடியார் சண்டேசர் தலையில் பூமாலை சுற்றும் சிவனின் விரல்களை நான் எந்தப் பேனாக் கோட்டுக்கும் மேலாகவே வைப்பேன்.