வடை ஆறிவிட்டது

என் பதவியின் பெயர் முதுநிலைப் பயிற்சி வல்லுநர். கல்விக்காக வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தில் சம்பளம். நான் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பதில்லை. பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவர்களுக்கும் எடுப்பதில்லை. அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போகிற எங்கள் ஒன்றிய ஒருங்கிணைப்பாளர்களுக்கு, எப்படிப் பயிற்சி கொடுப்பது என்று பயிற்சி கொடுக்கிறேன். இதை என் பெரியம்மாவிடம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பொறுமையாக விளக்கினேன். ரசத்துக்கு வரும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப பர்மனன்ட் இல்லையா?" என்றார்.

இல்லைதான். 2013-ஆம் வருடத்துக் கம்பெனிகள் சட்டம் வந்தபிறகு, ஓரளவுக்கு மேல் சம்பாதிக்கிற கம்பெனிகள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழித்தாக வேண்டும். அந்த 2 சதவீதத்திலிருந்து தெறித்து விழுகிற துளியில்தான் என் சம்பளம், சார்ட் பேப்பர், மதியச் சாப்பாடு எல்லாம் நடக்கிறது. பணம் கொடுப்பவர்கள் அறிக்கையில் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தீர்கள் என்பது. அவர்கள் என்ன கற்றுக்கொண்டார்கள் என்பதற்கு அடுத்த பக்கத்தில் இடம் விட்டிருப்பார்கள். அந்த இடத்தில் நாங்கள் குழுப் புகைப்படத்தை ஒட்டிவிடுவோம். பேனர் நேராக இருக்க வேண்டும், படத்தின் ஓரத்தில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரிய வேண்டும். பயிற்சி நடந்த இடம் பூமியில்தான் இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி.

பயிற்சி நாளின் முதல் ஒரு மணி நேரம் புரொஜெக்டருக்குச் சொந்தம். ஒயர் இருந்தால் ரிமோட் இருக்காது, இரண்டும் இருந்தால் கரண்ட் இருக்காது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் அறிமுக விளையாட்டு என்ற ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பது என் கணிப்பு. ஒவ்வொருவரும் தன் பெயரோடு ஒரு காய்கறியின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றுக் கருத்தாளராக வந்து சேர்ந்த ஒரு பெரியவர், சட்டைப்பையில் இரண்டு பேனாவோடு எழுந்து நின்று "நான் பூசணிக்காய்" என்றபோது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அவர் பணியில் இருந்த காலத்தில் வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே பள்ளிக்கூடம் அடங்கியிருக்கும்.

அடுத்தது குழு பிரித்தல். காவிரி, வைகை, பாலாறு, தாமிரபரணி. தமிழ்நாட்டில் இதற்கு வேறு பெயர் வைக்க யாருக்கும் தோன்றியதில்லை. பாலாறு என்று பெயர் வைத்த குழு இதுவரை ஒருமுறைகூடத் தன் சார்ட்டை முழுதாக நிரப்பியதில்லை. தற்செயலாகத்தான் இருக்கும். ஸ்கெட்ச் பேனா கட்டுக்கட்டாக உள்ளே போகும், மூடி மட்டும் திரும்பி வரும். யாருக்கு என்ன கோபம் வந்தாலும் நடுவில் மழைக் கைத்தட்டல் உண்டு. ஒரு விரலில் தொடங்கி ஐந்து விரலில் பெருமழையாகி மறுபடி தூறலில் முடியும். ஒருமுறை அப்படித் தட்டிக்கொண்டிருக்கும்போதே வெளியில் நிஜமாகவே மழை பிடித்துக்கொண்டது. பாதிப் பேர் பைக் சீட்டைத் துடைக்கக் கிளம்பிவிட்டார்கள்.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது, "இது ஒரு புதிய முறை" என்று சொல்ல வேண்டிய இடம். எதிரில் உட்கார்ந்திருப்பவர்களில் மூத்தவர்கள் பார்க்காத புதுமை கிடையாது. தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கத்தில் ராத்திரி லாந்தர் வெளிச்சத்தில் சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்கள். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கப் பரவியபோது, நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்தவர்கள். பிறகு சமச்சீர் கல்வி வந்தது, முப்பருவ முறை வந்தது, 2022-இல் எண்ணும் எழுத்தும் வந்தது. ஒவ்வொன்றுக்கும் பயிற்சி, ஒவ்வொன்றுக்கும் கையேடு. நான் பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிப்பது பற்றி உற்சாகமாக இருபது நிமிடம் பேசி முடித்ததும் பூசணிக்காய் ஐயா கையைத் தூக்கினார். "மேடம், செயல்வழிக் கற்றல் வந்தப்ப இதை ஏணின்னு சொன்னாங்க. இப்ப அரும்பு, மொட்டு, மலர். ரெண்டும் நல்லதுதான். பழைய அட்டையெல்லாம் எங்க ஸ்கூல் பீரோவுலதான் இருக்கு. வேணும்னா சாவி வாங்கித் தரேன்."

சாவி வாங்கிக்கொண்டேன். அட்டைகள் நன்றாகவே இருந்தன.

எங்கள் தொழிலில் அடுக்குமுறைப் பயிற்சி என்று ஒன்று உண்டு. மேலே மூன்று நாள் நடப்பது மாவட்டத்தில் இரண்டு நாளாகும், ஒன்றியத்தில் ஒரு நாள், அதற்குக் கீழே அரை நாள், கடைசிப் படியில் வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு. அதுவும் பஸ்ஸில் போகும்போது பேசியதாக இருக்கும். கண்டக்டர் டிக்கெட் கேட்பதையும் சேர்த்துத்தான் தன்னார்வலர்கள் இடமதிப்பைக் கற்றுக்கொள்ள வேண்டும். 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கி, ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்கள் மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்குத் தெருத்தெருவாகச் சாயங்கால வகுப்பு எடுத்தார்கள். அத்தனை பேரையும் ஒரே ஹாலில் உட்காரவைக்க எந்த அரசாலும் முடியாது. அடுக்கைத் தவிர வேறு வழியில்லை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடுக்கின் மேல்படியில் நிற்கிறவர்களுக்குத்தான் எல்லாம் தெரியும் என்ற எண்ணத்தை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

காரணம் ஒரு பெட்டிக்கடை. எங்கள் மாலை நேர மையங்களில் ஒன்றை நடத்துகிறவர், பிளஸ் டூ முடித்த பெண், விழுப்புரம் பக்கம். எங்கள் ஒருங்கிணைப்பாளர்கள் நடத்தும் பயிற்சியில் எப்போதும் கடைசி வரிசை. வாயே திறக்கமாட்டார். மையத்தைப் பார்வையிடப் போனேன். 42-இல் 17 போக எவ்வளவு என்ற கணக்கு. என் பயிற்சியில் இதற்கு 'இடமதிப்பு: கருத்தியல் புரிதல்' என்ற தலைப்பில் பதினெட்டு ஸ்லைடு உண்டு. அவர் திண்ணையில் நான்கு மிட்டாய் டப்பாவை வைத்துக் கடை போட்டிருந்தார். காலண்டர் தாளில் வெட்டிய பத்து ரூபாய் நோட்டு, ஒரு ரூபாய்க்குப் புளியங்கொட்டை. ஒரு பையன் கையில் நான்கு நோட்டும் இரண்டு கொட்டையும். பதினேழு ரூபாய்க்குச் சாமான் எடுத்துவிட்டான். ஒரு நோட்டைக் கொடுத்தான், மிச்சம் ஏழு கொடுக்கக் கையில் இருப்பது இரண்டு கொட்டைதான்.

"என்னடா பண்ணுவ?"

"சில்லறை மாத்தணும்க்கா."

பக்கத்து டப்பாக்காரியிடம் ஒரு நோட்டைக் கொடுத்துப் பத்துக் கொட்டை எண்ணி வாங்கினான். அந்தப் பெண்பிள்ளை ஒன்பது கொடுத்து ஏமாற்றப் பார்த்தது, பிடித்துவிட்டான். இப்போது பன்னிரண்டு கொட்டையில் ஏழு போனது. கையில் இரண்டு நோட்டும் ஐந்து கொட்டையும். இருபத்தஞ்சு என்று கத்தினான். பதினெட்டு ஸ்லைடும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டன.

இதை எங்கே கற்றார் என்று கேட்டேன். "எங்கம்மா கடை வச்சிருக்காங்க மேடம். சாயங்காலம் நான்தான் கல்லாவுல உக்காருவேன்" என்றார்.

வல்லுநர் என்ற முறையில் நான் செய்ய வேண்டியதைச் செய்தேன். குறிப்பெடுத்து, புகைப்படம் எடுத்து, தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். அங்கே அதைச் 'சிறந்த களநடைமுறை' ஆக்கி, அம்புக்குறிகள் போட்டு, கையேட்டில் சேர்த்து, அடுக்கின் உச்சியிலிருந்து கீழே இறக்கிவிட்டார்கள். சில மாதம் கழித்து நடந்த பயிற்சியில் அதே பெண் அதே கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். இளம் பயிற்றுநர் ஒருவர் பெட்டிக்கடை முறையை ஸ்லைடு போட்டு விளக்க விளக்க, இவர் நோட்டில் எழுதிக்கொண்டார். அடிக்கோடுகூடப் போட்டார். "இது நீங்க செஞ்சதும்மா" என்று டீ இடைவேளையில் போய்ச் சொன்னேன். "அப்படியா மேடம்? இதுல அம்புக்குறியெல்லாம் இருக்கே" என்றார்.

பயிற்சியை எப்படி மதிப்பிடுவது என்று அமெரிக்காவின் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இலேயே நான்கு படி போட்டு எழுதிவிட்டார். பிடித்திருந்ததா, கற்றார்களா, போய்ச் செய்தார்களா, அதனால் ஏதாவது விளைந்ததா. நாலாவது படிக்கு ஏறுவதற்குள் நிதி முடிந்துவிடும், மூன்றாவதுக்குப் பயணப்படி கிடைக்காது. ஆகவே முதல் படியிலேயே உட்கார்ந்து பின்னூட்டப் படிவத்தை எண்ணுவது எங்கள் வழக்கம். 'மிக நன்று', 'பயனுள்ளதாக இருந்தது', 'மிக நன்று'. இதைப் படித்து யாரும் எதையும் மாற்றியதில்லை. அன்று மாலை நான் எடுத்துப் பார்த்த படிவங்களில் ஒன்றே ஒன்றில்தான் தகவல் இருந்தது. கடைசி வரிசைப் பெண்ணுடையது: 'புதிய உத்தி, நன்றாக இருந்தது. வடை ஆறிவிட்டது.'

அடுத்த பயிற்சியில் டீக்கடைக்காரரை மாற்றினோம். என் அனுபவத்தில், ஒரு பின்னூட்டத்தின் பேரில் உடனடியாக நடவடிக்கை எடுக்கப்பட்ட ஒரே தருணம் அதுதான். பெட்டிக்கடைப் பெண்ணைப் பயிற்றுநராக முன்வரிசைக்குக் கொண்டுவர வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்த கோப்பு, பட்டப்படிப்பு இல்லை என்ற குறிப்போடு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

நீங்கள் என்றைக்காவது இப்படியொரு பயிற்சியில் உட்கார நேர்ந்தால், தயவுசெய்து படிவத்தில் 'மிக நன்று' என்று எழுதாதீர்கள். என்ன புரியவில்லை, உங்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று இரண்டு வரி எழுதுங்கள். பெயர் போட வேண்டாம். ஸ்கெட்ச் பேனாவை மட்டும் மூடியோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.