பத்தாவது ஆளை ஒளிப்பது எப்படி?

ஓசூர் சிட்கோவில் ஷெட் பிடித்துவிட்டீர்கள். இரண்டு லேத், நான்கு கிரைண்டர், கை நிறைய ஆர்டர். இனி தொழிற்சாலை ஆய்வாளரைச் சமாளிக்க வேண்டியதுதான் பாக்கி. பாதி உங்களுக்கே அத்துப்படி. மீதியையும் முறையாகச் செய்வோம்.

1. முதலில் எண்ணப் பழகுங்கள். 1881 தொழிற்சாலைச் சட்டம் நூறு பேருக்குக் குறைந்த இடத்தை எட்டிப் பார்க்கவில்லை. 1891-இல் அது ஐம்பது ஆனது, 1922-இல் இருபது, 1948-இல் கரண்டில் ஓடும் பட்டறைக்குப் பத்து. ஆகவே மஸ்டர் ரோலில் ஒன்பது பேர். பத்தாவது ஆள் உங்கள் மச்சான், பதினொன்றாவது ஆள் பழைய இரும்பு எடுக்க வந்தவர். அதற்கும் மேலே போனால் நடுவில் ஹாலோ பிளாக் சுவர் எழுப்பி, அந்தப் பக்கத்தை வீட்டுக்காரம்மா பெயரில் எழுதுங்கள். 2020 தொழிலாளர் சட்டத் தொகுப்பு பத்தை மறுபடி இருபதாக்கிவிட்டது. சுவர்ச் செலவும் மிச்சம்!

2. பதினான்கு மாதத்துக்கு ஒரு முறை சுண்ணாம்பு அடிக்கச் சொன்னது 1948 சட்டம். பதிவேட்டில் அடியுங்கள்.

3. எக்ஸாஸ்ட் ஃபேனை ஆய்வு நாளில் மட்டும் ஓட்டுங்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் பாலிஷ் போடுபவரா? கவலையே வேண்டாம். சிலிக்காத் தூள் நுரையீரலைத் தழும்பாக்க வருடக்கணக்கில் பிடிக்கும். உங்களிடம் ஆள் நிற்பதோ சில மாதம். இருமல் அவன் ஊரான ஜார்க்கண்டில் போய்த் தொடங்கட்டும். அங்கே காசநோய் என்று எழுதிக்கொள்வார்கள்.

4. குடிதண்ணீர் இருக்குமிடத்தில், பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியில் போர்டு கேட்டது 1948 சட்டம். பையன்கள் ஒடிசா, பீகார். நல்ல தமிழில் எழுதி வையுங்கள். கழிப்பறைக்கும் குடத்துக்கும் ஆறு மீட்டர் இடைவெளி அளக்கும்போது டேப் கொஞ்சம் தொய்யட்டும்.

5. எச்சில் தொட்டி வைக்காதீர்கள். கண்ட இடத்தில் துப்புகிறவனுக்கு ஐந்து ரூபாய் வரை அபராதம் என்று அதே சட்டம் சொன்னது. அந்த ஒரு வரியை மட்டும் தவறாமல் அமல்படுத்துங்கள்.

6. ஜீப் சத்தம் கேட்டதும் மிச்ச ஆட்களை டாடா ஏஸில் ஏற்றி ஜூஜுவாடி தாண்டி அத்திப்பள்ளிக்கு அனுப்புங்கள். அது கர்நாடகம், நம் ஆய்வாளரின் அதிகாரம் அங்கே செல்லாது. அங்கேயும் ஆய்வு நடந்தால் அதே வண்டியில் திரும்பி வரட்டும். டீசல் காசை அவர்கள் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள்.