மாமியாளுக்கு எத்தன மணி நேரம் போட்டிருக்கு?

ஏத்தா பேத்தி, இங்கிட்டு வா. சேதி கேட்டேன். பேங்கு வேலைய விட்டுப்புட்டு, பச்ச ஒடம்புக்காரிகளுக்குப் பால் குடுக்கச் சொல்லிக் குடுக்கப் போறியாமே. ஒங்கப்பன் ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரியுறான். "பி.காம். படிக்க வச்சது இதுக்குத்தானா"ன்னு என்கிட்ட வந்து கேக்குறான். நாலு வயசு வரைக்கும் பால் மறக்காம, நாத்து நடுற எடத்துக்கே வந்து முந்தானையப் பிடிச்சு இழுத்தவன் அவன். அத இப்ப நான் வெளிய சொல்லக்கூடாது. சொல்லவும் இல்ல.

எனக்கு இதுல ஒரு வருத்தமும் இல்ல. எங்க காலத்துல இந்த வேலைய ஊரே செஞ்சுச்சு. ஒருத்தி பெத்துப் படுத்திருந்தா, வாசப்படி மிதிச்சவளெல்லாம் கன்சல்டன்ட்டுதான். ஒருத்தி பூண்டத் தின்னும்பா. ஒருத்தி பால்சுறாவப் புட்டு வச்சுக் குடுங்கம்பா. மூணாமத்தவ வந்து, "சுறாவா? புள்ளைக்கு ஆகாதே"ன்னு தட்ட எடுத்துட்டுப் போயிருவா, போயி அவளே தின்னுருவா. நாலாமத்தவ ஒண்ணும் சொல்ல மாட்டா. நெலப்படியில நின்னு ஒரு பார்வ பாத்துட்டு, "பாவம், பால் பத்தல போலருக்கு"ன்னு நாக்க நாலு தட்டுத் தட்டிட்டுப் போயிருவா. அன்னிக்கு ராத்திரியிலருந்து அந்தப் புள்ள நெசமாவே பத்தாம அழுகும். அம்புட்டும் ஓசி யோசன. அதான் ஒருத்திக்கும் மரியாத இல்ல. நீ காசு வாங்கப் போற. வாய மூடிக்கிட்டுக் கேப்பாக பாரு.

"நர்சு படிக்கலையே அப்பத்தா, ஆகுமா"ன்னு நேத்துக் கேட்ட. ஏன்டி, ராத்திரி நீதான அந்த அமெரிக்காக் கதைய வாசிச்சுக் காட்டுன. 1956-ல சிகாகோ பக்கத்துல நடந்தது. சர்ச்சு பிக்னிக்குல ரெண்டு பொம்பளைக மரத்தடியில உக்காந்து புள்ளைக்குப் பால் குடுத்துருக்காளுக. அப்ப அந்தப் பக்கம் புட்டிப்பால்தான் நாகரிகம். மத்தவளுக எல்லாம் வந்து, "எங்களுக்கு வரலையே, ஒங்களுக்கு மட்டும் எப்பிடி"ன்னு கேட்டாளுகளாம். அதுலருந்து ஏழு பேரு கூடி ஃபிராங்க்ளின் பார்க்குங்கிற ஊருல ஆரம்பிச்சதுதான் லா லெச்சே லீக்கு. ஏழு கன்னிமாருன்னு சொல்லலாம்னு பாத்தா, அம்புட்டுப் பேரும் புள்ளகுட்டிக்காரிக. இன்னொரு தாய் கிட்ட உக்காந்து பேசுறதுக்கு அவுக எந்தப் பட்டத்தையும் காட்டல. அந்தச் சங்கத்து ஆதரவுலதான் பின்னாடி, 1985-ல, நீ வாங்கப்போற ஐ.பி.சி.எல்.சி.ங்கிற பால் ஆலோசகர் சான்றுக்குப் பரிச்சையே வந்துச்சு. இந்தத் தொழிலோட மூல ஊத்தே நர்சு இல்லாத பொம்பளைகதான். நீ என்னமோ பின்வாசல் வழியா நொழையிற மாதிரி கூச்சப்படுற.

ஆனா ஒண்ணு. அந்த ஏழு பேருகிட்டக் கேக்காத கேள்விய எல்லாம் ஒங்கிட்ட கேப்பாக.

நர்சுக்காரிக்குப் பாதிப் பாடம் முன்னாடியே முடிஞ்சிருக்கும். ஒனக்கு அடியிலருந்து வரணும். அந்தச் சான்றுக்கு மொத்தம் 14 பாடம்னு சொன்ன. அதுல எட்டு காலேசு கணக்குல படிக்கணும்: உயிரியல், ஒடம்புல எந்த உறுப்பு எங்க இருக்கு, அது எப்பிடி வேல செய்யுது, கொழந்த வளருற வெதம், சத்துணவு, மனசு நூல், சனங்களோட பழக்கவழக்கம், ஆராய்ச்சிக் கட்டுரைய எப்பிடி வாசிக்கிறதுன்னு ஒண்ணு. நீ படிச்ச பி.காம்.ல இதுல எது இருந்துச்சு? வரவு செலவு மட்டுந்தான். மிச்சம் ஆறு சின்னப் பாடம். மூச்சு நின்னா நெஞ்சை அமுக்குறது, நோய் தொத்தாமப் பாத்துக்கிறது, நோட்டுல ஒழுங்கா எழுதி வைக்கிறது, இந்த வகை. அதுல நோட்டு எழுதுறது ஒனக்கு வரும். பேங்குக்காரியாச்சே.

அதுக்கு மேல பால் விசயமா மட்டும் 95 மணி நேரப் பாடம். சரி, படி. அதுல 5 மணி நேரம் பேசிப் பழகுறதுக்குன்னு ஒதுக்கியிருக்குன்னு நீ வாசிச்சப்ப, எனக்குப் பாக்கு பொரையேறிப் போச்சு. அஞ்சு மணி நேரம்! ஏன்டி, அதுல மாமியாளுக்கு எத்தன மணி நேரம் போட்டிருக்கான்? எங்க மாமியாகிட்டப் பேசுற வெதத்த நான் வாக்கப்பட்ட நாள்லருந்து படிச்சேன். பரிச்ச வைக்கிறதுக்குள்ள அவ போய்ச் சேந்துட்டா.

அப்பறம் கைப்பழக்கம். மூணு வழி இருக்குன்ன. ஏற்கெனவே வைத்தியத் தொழில்ல இருக்கவுகளும், பரிச்ச வைக்கிற வாரியம் ஒத்துக்கிட்ட தாய்மார் சங்கத்துல ஆலோசன சொல்லுறவுகளும் அஞ்சு வருசத்துக்குள்ள 1000 மணி நேரம் காட்டணும். காலேசுல இதுக்குன்னே இருக்க படிப்புல சேந்தா 300 மணி நேரம். இல்ல, சான்று வாங்குன ஒருத்தர் பக்கத்துல நின்னு, அவுக கண்ணு முன்னாடியே 500 மணி நேரம். ஒனக்குத் தோது இந்தக் கடைசி வழிதான்னு தோணுது. ஆனா, எப்பிடிக் கத்துக் குடுக்கப் போறாகன்னு திட்டம் எழுதி, அந்த வாரியம் சரின்னு சொன்ன பெறகுதான் மணியக் கணக்குல ஏத்தணுமாம். நீ பாட்டுக்கு முன்னாடியே நாலு வீட்டுக்குப் போயிட்டு வந்து அதையும் எழுதலாம்னு நெனைக்காத. செல்லாது. கணக்குல நீ பேங்குல காட்டுன கறார அவுக ஒங்கிட்டக் காட்டுவாக.

பரிச்ச 175 கேள்வி. ரெண்டாவது பகுதியில பெரும்பாலும் படத்தப் பாத்துப் பதில் சொல்லணுமாம். அதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு. கண்ணு வேணும்டி இந்த வேலைக்கு. சொல்லுறேன், இத எழுதிக்க.

ஆத்தாக்காரி "வலிக்குது"ன்னு சொன்னா, அவ மூஞ்சியப் பாக்காத, புள்ள வாயப் பாரு. காம்ப மட்டும் உதட்டு நுனியில வச்சுச் சப்புனா, காம்பு வெடிக்கும், புள்ளைக்குப் பாலும் வராது. வாய் கொட்டாவி விடுற அளவுக்குத் தொறக்கணும். காம்பச் சுத்தி இருக்க கருப்பும் சேந்து உள்ள போகணும். மேல கொஞ்சம் தெரிஞ்சா தப்பில்ல, கீழ அம்புட்டும் உள்ள போயிருக்கணும். கீழ்உதடு வெளிய பிதுங்கியிருக்கணும். தாவாக்கட்ட மாருல ஒட்டணும், மூக்கு ஒட்டக்கூடாது. கன்னம் குழி விழாம உப்பியிருக்கணும். அப்பறம் காதக் குடு. மொதல்ல வெரசா சப்பும், பெறகு நிதானமா இழுத்து, மொடக்குன்னு ஒரு சத்தம் கேக்கும். அந்த மொடக்குதான் பால். டிவிய அமத்தச் சொல்லு, இல்லாட்டி ஒண்ணும் கேக்காது.

இன்னொண்ணு. புள்ள மொகத்தப் பக்கவாட்டுல திருப்பி வச்சுக் குடுப்பாளுக. கழுத்தத் திருப்பிக்கிட்டு நீ ஒரு சொம்புத் தண்ணி குடிச்சுப் பாரு, தெரியும். புள்ள வயிறு ஆத்தா வயித்தோட ஒட்டணும். அம்புட்டுத்தான். இத மட்டும் சரி பண்ணிட்டு வந்தாலே பாதி வீட்டுல ஒன்னயக் கையெடுத்துக் கும்புடுவாக. 2015-ல அரசாங்கம் பஸ் ஸ்டாண்டுக்குப் பஸ் ஸ்டாண்டு பால் குடுக்க ரூம்பு கட்டுச்சு, நல்ல காரியம். உள்ள போயி உக்காந்த சின்னப்பொண்ணுக்குப் புள்ளைய எப்பிடிப் பிடிக்கிறதுன்னு சொல்ல ஆளத்தான் கட்டல.

இப்ப மாமியாளுக்கு வருவோம். நீ வீட்டுக்குள்ள போனதும் அவ கேக்குற மொதக் கேள்வி, "நீ எத்தன பெத்தவ?" ஒனக்கோ இன்னும் கல்யாணமே ஆகல. பதில் தயாரா வச்சுக்க. "ஒங்க மருமகளுக்குப் பிரசவம் பாத்த ஆம்பள டாக்டரு எத்தன பெத்தாருங்கம்மா"ன்னு கேக்கலாம், ஆனா கேக்காத. கேட்டா அன்னியோட அந்தத் தெருப்பக்கம் தல வைக்க முடியாது. அதுக்குப் பதிலா, "நீங்க அஞ்சு புள்ள வளத்தவுக, ஒங்ககிட்டக் கத்துக்கத்தான் வந்தேன்"னு சொல்லி உக்காரு. அவ சேனை வச்ச கதையெல்லாம் சொல்லுவா. மொதப் பால் கெட்டுப் போன பால்னு அவ மாமியா பீச்சி ஊத்தச் சொன்னதச் சொல்லுவா. நீ மூஞ்சியச் சுளிக்காத. "அப்ப ஒங்களுக்கு மூணாம் நாள் மாரு கட்டிக்கிட்டு வலிச்சிருக்குமே"ன்னு மட்டும் கேளு. "ஆமாடி, உசுரு போச்சு"ம்பா. "அந்தச் சீம்பாலப் புள்ள குடிச்சிருந்தா, தொடக்கத்துலருந்தே வடிஞ்சிருக்கும், அம்புட்டுக் கட்டியிருக்காது"ன்னு சொல்லு. மருமக நல்லதுக்குன்னா அவ கேக்க மாட்டா. அவ பட்ட வலிக்குக் காரணம் கெடச்சுதுன்னா காத நீட்டுவா. இத ஒன் அஞ்சு மணி நேரப் பாடத்துல எவன் சொல்லப் போறான்?

அவள வெளிய அனுப்பத் தெரிஞ்சுக்கிறதும் தொழில்தான். புது ஆளு மடியில கை வச்சாப் பசு பால அடக்கிக்கிரும், பாத்திருப்ப. பெத்தவளும் அப்பிடித்தான். நாலு பேரு சுத்தி நின்னு மாரையே பாத்துக்கிட்டு இருந்தா சொரப்பு எறங்காது. பயத்துல அந்தச் சொரப்புநீரு, என்னமோ ஆக்ஸிடோசின்னியே, அது தடபட்டுப் போகுமாம். அதனால, "அம்மா, எனக்கு ஒரு வாய் காப்பி கெடைக்குமா"ன்னு கேளு. அடுப்படிக்குப் போயிருவா. சீனி வேணாம்னுராத. சீனி டப்பாவத் தேடுற நேரமும் நமக்கு லாபம்.

எல்லைய மட்டும் மறந்துராத. மாரு ஒரு பக்கம் செவந்து கல்லா இருந்து காய்ச்சலும் அடிச்சா டாக்டருகிட்ட. புள்ள மஞ்சப் பூத்துத் தூங்கிக்கிட்டே இருந்தா, எழுப்பியும் குடிக்கலைன்னா, டாக்டருகிட்ட, அதும் அன்னிக்கே. அஞ்சு நாளுக்கு மேல ஆகியும் ஒரு நாளைக்கு ஆறு துணி நனைக்கலைன்னா எட போடச் சொல்லு. மொதல்ல கொஞ்சம் எட எறங்கும், ரெண்டு வாரத்துக்குள்ள பெறந்த எடைக்குத் திரும்பி வந்துரணும். மருந்துச் சீட்டு எழுதுறது ஒன் வேல இல்ல. நாக்குக்கடியில சவ்வு ஒட்டியிருக்குன்னு தோணுனாலும், காட்டுங்கன்னு சொல்லு, நீயா நகத்தக் கொண்டு போகாத. எங்க ஊரு மருத்துவச்சி ஒருத்திக்கு அந்தக் கெட்ட பழக்கம் இருந்துச்சு.

பால்பவுடர்க்காரன் தேடி வருவான். நல்லாச் சிரிப்பான். டைரி, பேனா, எங்கயோ மாநாட்டுக்கு ஏரோப்ளேன் டிக்கெட்டுன்னு நீட்டுவான். 1992-லயே சட்டம் போட்டுட்டாக, டப்பாவுல புள்ள படமோ ஆத்தா படமோ போடக்கூடாது, விளம்பரம் கூடாது, தாய்க்கும் புள்ளைக்கும் வைத்தியம் பாக்குறவுகளுக்கு அன்பளிப்புக் குடுக்கக்கூடாதுன்னு. 2003-ல அத இன்னும் இறுக்குனாக. அதனால அவன் டப்பாவ நீட்ட மாட்டான், சிரிப்ப மட்டும் நீட்டுவான். வாங்காத. பவுடர் நெசமாவே வேணுங்கிற புள்ளைகளும் இருக்கு. அத டாக்டரு சொல்லட்டும், அந்த ஆத்தாள நீ குத்தவாளியாப் பாக்காத.

நம்ம ஊரு சரக்கையும் எளக்காரமா நெனைக்காத. புள்ள தவறிப் போன தாயிக்கு மாரு கட்டுனா மல்லியப்பூவ வச்சுக் கட்டுவோம்ல, அத வேலூரு சி.எம்.சி. ஆஸ்பத்திரியில சோதிச்சுப் பாத்து, பால் வத்துறதுக்கு அது ஒதவுதுன்னு 1988-ல எழுதியிருக்காகன்னு நீதான் வாசிச்ச. நம்ம மதுர மல்லியக் கொண்டுபோயிருந்தா இன்னும் வெரசா வத்தியிருக்கும். அது இருக்கட்டும். பூவத் தலையில வச்சுக்கிட்டுப் பால் குடுக்கலாமான்னு கேப்பாக. வச்சுக்கட்டும், பாவம். மாருல கட்டுனாத்தான் வம்பு.

சான்று வாங்குனதோட முடியாதாம்ல, அஞ்சு வருசத்துக்கு ஒரு தடவ புதுப்பிக்கணுமாம். டிரைவரு லைசென்சு எடுத்த ஒங்கப்பன் அதுக்கப்பறம் ஏட்டத் தொட்டானான்னு கேளு. அவன் வாயடைக்க இது போதும்.

சரி, எந்திரி. கீழத்தெரு ராக்கு மருமக ஆஸ்பத்திரியிலருந்து வந்து எறங்கியிருக்கா, புள்ள கத்துறது இங்க வரைக்கும் கேக்குது. ராக்கு இந்நேரம் சீனித்தண்ணியக் கரைச்சிருப்பா. நான் வெத்தலப் பெட்டிய எடுத்துக்கிட்டு அவளத் திண்ணையில பிடிச்சு உக்கார வச்சுக்கிறேன். பழைய பாக்கி ஒண்ணு இருக்கு, அத எடுத்தேன்னா ஒரு மணி நேரம் எந்திரிக்க மாட்டா. நீ உள்ள போயிப் புள்ள வாயப் பாரு. நோட்ட எதுக்குடி எடுக்குற? மேற்பார்வைக்கு நாந்தான இருக்கேன். என் கைநாட்ட அந்த வாரியத்துல ஒத்துக்கிருவாகளா?