பேயிடம் தப்பியவர்

கேள்வி: பழைய அமெரிக்கத் திகில் படங்களில் கறுப்பினத்தவருக்கு நல்ல வேடமே கிடைத்ததில்லையா?

பதில்: பெரும்பாலும் கண்ணை உருட்டிப் பயந்து ஓடும் வேலைக்காரர் வேடம்தான். 1968-இல் ஜார்ஜ் ரொமேரோவின் ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ வந்தது. நாயகன் பென்னாகக் கறுப்பின நடிகர் டுவேன் ஜோன்ஸ். அவர் நிறத்தைப் பற்றிப் படத்தில் ஒரு வார்த்தை கிடையாது. நடமாடும் பிணங்கள் சூழ்ந்த வீட்டில் ஜன்னலுக்குப் பலகை அடிப்பதும், மற்றவர்களை அதட்டி வேலை வாங்குவதும் அவர்தான்.

பிணங்களிடம் தப்பியவர் மனிதரிடம் தப்பவில்லை. விடிந்ததும் எட்டிப் பார்க்கிறார். துப்பாக்கியோடு வந்த கூட்டம் அவரையும் பிணமென்று சுட்டுவிடுகிறது. பிறகு கொக்கி, விறகுக் குவியல், அவர் உடல் என எல்லாம் செய்தித்தாள் படம் போல, புள்ளி புள்ளியான அசையாக் காட்சிகளாக. தூங்கவிடாதவை அவைதான்.

இந்தப் படத்தின் சுருளோடு நியூயார்க் நோக்கிக் காரில் போன இரவில்தான், கறுப்பின உரிமைத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட செய்தியை ரொமேரோ வானொலியில் கேட்டார்.