ஊசி போடப் போற பேத்திக்கு

ஏ தாயி, முதியோர் இல்லத்துல குளிப்பாட்டி, துணி மாத்தி, சோறு ஊட்டிக்கிட்டு இருந்த நீ இனிமே இன்சுலினும் போடப் போறியாமே! உங்கம்மா தெருவெல்லாம் சொல்லிட்டு வந்துட்டா. டீக்கடையில ஒருத்தன், "பேத்தி இங்கிலாந்துல டாக்டராயிட்டாளாமே"ன்னு கேக்கான். ஆமாய்யா, கோட்டு மட்டும் இன்னும் தச்சு வரலன்னு சொல்லிட்டேன்.

கிண்டல விடு, நல்ல காரியந்தான். உங்க இல்லத்துல நர்சு கிடையாது. வெளியில இருந்து டிஸ்ட்ரிக்ட் நர்சம்மா கார் ஓட்டிக்கிட்டு வரணும், அந்தம்மாவுக்கு வழி நெடுக இதே வேல. ஊசி போட்டாத்தான் கஞ்சி. அது வரைக்கும் அந்த வெள்ளைக்காரப் பாட்டி ஓட்ஸ் ஆறிப் போறதப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான்னு நீதான் சொன்ன. நேரத்துக்கு நீயே போட்டுட்டா புண்ணியம். நானும் இன்சுலின் போடுறவந்தான். பசியோட காக்க வச்சா கிழட்டுப் பயலுக்கு எப்படிக் கோவம் வரும்னு உங்க ஆச்சியக் கேளு.

ஆனா, "இது உனக்குப் பெரிய முன்னேற்றம்"னு மேனேஜர் சொன்னப்ப, அந்த முன்னேற்றம் எத்தன பவுனுன்னு கேட்டியா? கேட்டிருக்க மாட்ட. வாயில கொழுக்கட்டை. கண்டக்டர ஸ்டியரிங்குல உக்கார வச்ச எந்த முதலாளியும் டிரைவர் பேட்டாவத் தானா எடுத்து அவன் பையில போட்டதில்ல.

குத்துறது ஒரு வித்தையா? நானே குத்துறேன். பேனாவுல புது ஊசி மாட்டு. ரெண்டு யூனிட்ட வெளிய பீச்சிச் சொட்டு வருதான்னு பாரு. நேத்துக் குத்துன இடத்த விட்டுத் தள்ளிக் குத்து, பத்து எண்ணிட்டு உருவு. ஒரே இடத்துல குத்திக்கிட்டே இருந்தா அங்க கட்டி தட்டிரும், மருந்து ஒழுங்கா ஏறாது. அவ்வளவுதான், ஒரு மத்தியானத்துல படிச்சிரலாம்.

எப்பக் குத்தக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்தாங்களா, அதச் சொல்லு. அங்க சர்க்கரை பாக்குற மிஷின் நம்மூரு மாதிரி 180, 220ன்னு காட்டாது, சின்னச் சின்ன நம்பரா வரும். 4க்குக் கீழ போனா சர்க்கரை தாழ்ந்துருச்சுன்னு அர்த்தம். நம்ம கணக்குல 72. பாட்டிக்கு வேர்த்து, கை நடுங்கி, என்னமோ உளறுனா, "வயசாச்சுல்ல"ன்னு நீ பாட்டுக்கு ஊசியத் தூக்கிட்டுப் போயிராத. 15லேர்ந்து 20 கிராம் குளுக்கோஸ் உள்ள போகணும், சின்ன டம்ளர் பழரசம் போதும். பத்துப் பதினஞ்சு நிமிசம் கழிச்சு மறுபடி விரல்ல குத்திச் சர்க்கரை பாக்கணும். நெனவு தப்பிட்டா வாயில ஒண்ணும் ஊத்தாத. 999க்குப் போனப் போடு.

நீ வாட்ஸ்அப்புல அனுப்புன காகிதத்த நம்ம வாத்தியார் மகன்கிட்டக் குடுத்து வாசிக்கச் சொன்னேன். வெவரமாத்தான் எழுதி வச்சிருக்கான் வெள்ளைக்காரன். ஊசி போடுற வேலைய உன்கிட்ட ஒப்படைச்சது சரிதானான்னு நர்சு பதில் சொல்லணும், சொல்லிக் குடுத்தபடி செஞ்சியான்னு நீ பதில் சொல்லணும். எனக்கு இன்னும் பிடிபடலன்னு நீ மறுக்கலாம். ஆனா நீ மறுக்க மாட்ட. விசா அவங்க கையில இருக்குன்னு பூம்பூம் மாடா தலையாட்டுவ. அட கூறுகெட்டவளே, 2025 ஜூலையில இருந்து இந்த வேலைக்கு வெளிநாட்டுல போயி ஆளெடுக்கிற வழிய அவங்க அரசாங்கமே அடைச்சிருச்சு. கையில இருக்கிற ஆள விரட்டிட்டு உங்க முதலாளி எங்க போவான்? சிரிச்ச முகமாவே மறு, ஆனா மறு.

இன்னொண்ணு. நர்சுக்கு ஒரு பதிவேடு இருக்கு. ஸ்காட்லாந்துலயும் வேல்ஸுலயும் உன்ன மாதிரி ஆளுங்களுக்கும் இருக்கு. இங்கிலாந்துல கிடையாது. நாளைக்கு வேற இல்லத்துக்குப் போனா, நீ என்ன படிச்சேன்னு அவங்களுக்கு யாரு சொல்லுவா? யாரு சொல்லிக் குடுத்தாங்க, எந்தத் தேதி, யாரு நின்னு பாத்துக் கையெழுத்துப் போட்டாங்கன்னு எல்லாத்துக்கும் ஒரு நகல் உன் பெட்டியில இருக்கட்டும். மேனேஜர் பீரோவுல இருக்கிறது மேனேஜருக்கு.

அப்புறம் நியூஸ் 2ன்னு ஒரு மார்க் போடுற கணக்கு சொன்னியே. மூச்சு, ஆக்சிஜன், பிரஷர், நாடி, நெனவு, காய்ச்சல். கூட்டி 7 வந்துட்டா அவசரம்னு. நல்லதுதான். ஆனா தினம் முதுகு தேச்சு விடுற உனக்கு, பாட்டி இன்னைக்கு வழக்கமாத் திட்டுற திட்டத் திட்டலன்னு மார்க் ஏறுறதுக்கு முன்னாடியே தெரியும். அத டாக்டர்கிட்டச் சொல்லக் கூச்சப்படாத. நோட்டுல எழுதுற வேல கூடிப்போச்சுன்னு முதுகு தேய்க்கிற நேரத்துல கை வைக்க விட்டுராத, அங்கதான் முதல்ல வெட்டுவாங்க.

ஒரு பாட்டிக்குன்னு பழக்கி விட்டது அந்தப் பாட்டியோட சரின்னும் அந்தக் காகிதத்துல இருக்கு. அடுத்த ரூம் தாத்தாவுக்கும் சேத்துப் போட்ருன்னு ஒருநா சாயங்காலம் ஆள் பத்தாதப்ப கேப்பாங்க பாரு. "அதே ஊசிதானே"ம்பாங்க. ஊசி அதேதான், தாத்தா வேறல்ல?

லீவுக்கு வந்து, தாத்தா கையக் காட்டுங்க, நான் போட்டு விடுறேன்னு நிக்காத. உன் சீட்டுல என் பேரு இல்ல.