தட்டிப் பார்க்கக் கூடாதா?

“அங்கிள், வாங்கப் போறீங்களா, சும்மா பார்க்க வந்தீங்களா?”

படகைக் காட்ட வந்த பையன் இப்படிக் கேட்டு இன்றோடு நாலு நாள். கேட்ட நேரத்தில் நான் ஒரு டிராலரின் எஞ்சின் அறையில், டார்ச் லைட்டை வாயில் கவ்விக்கொண்டு, குப்புறப் படுத்திருந்தேன். வாயைத் திறந்தால் டார்ச் எண்ணெய்த் தண்ணீரில் விழும். அதனால் ‘ம்ம்’ என்று மட்டும் சொன்னேன். அதை அவன் ‘சும்மா’ என்று எழுதிக்கொண்டான். அதற்கு அப்புறம் அவன் என்னிடம் சரியாகப் பேசவேயில்லை.

போன சனிக்கிழமை நடந்தது இது. பிரிக்பீல்ட்ஸில் தோசையை முடித்துவிட்டு, கே.எல். சென்ட்ரலில் கோமுட்டர் ஏறி, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஏசி குளிரில் விறைத்து, கடைசி நிலையமான போர்ட் கிள்ளானில் இறங்கினேன். கூட வந்தவர்கள் கெத்தாம் தீவு நண்டை நினைத்துக்கொண்டு ஒரு பக்கம் போனார்கள். நான் பைக்குள் சுத்தியலோடு இன்னொரு பக்கம் போனேன். 42 அடி, இரட்டை எஞ்சின், என்னைவிடப் பத்து வயது இளையது. விளம்பரத்தில் ‘உரிமையாளர் தாயகம் திரும்புவதால் விற்பனைக்கு’ என்று போட்டிருந்தது. இதற்கு என்ன பொருள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீடு தூங்கிய பிறகு, போன் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, லங்காவியில் எது வந்திருக்கிறது, எது விலை இறங்கியிருக்கிறது என்று மேய்கிறவர்தானே நீங்களும். டீசல் டாங்க் துருப்பிடித்தால்தான் ஆட்களுக்குத் தாயக நினைப்பே வருகிறது.

வீட்டில் எனக்கு ஆதரவு கிடையாது. “டிராலர்னா மீன் பிடிக்கிறது. இதுல வலை எங்க?” என்று பத்து வருஷமாக ஒரே கேள்வி. முகம் மீன்பிடிப் படகு, வயிறு வீடு என்று நானும் பத்து வருஷமாக ஒரே பதில் சொல்கிறேன். எட்டு நாட் வேகம். மணிக்கு 15 கிலோமீட்டர். சாயங்காலம் ஆறு மணிக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையில் கார் போகிற வேகம்தான், ஆனால் காற்று வரும். போதாததற்கு இது உள்ளூர்ச் சரக்கு. இந்த ரகத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த கிராண்ட் பேங்க்ஸ் 1960களில் ஹாங்காங்கில் பிறந்து, சிங்கப்பூருக்குக் குடிபெயர்ந்து, இன்று ஜொகூரில் பாசிர் கூடாங்கில் உருவாகிறது. சொந்த நாட்டுப் பொருளைக் குப்புறப் படுத்துப் பார்க்க எனக்கு உரிமை இல்லையா?

பழைய டிராலரில் மூன்று விஷயம் பார்த்தால் போதும். மூன்றாவதுதான் முக்கியம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலாவது எஞ்சின். அந்தக் காலத்துப் படகுகளில் பலவற்றில் போர்டு லீமன்தான், ஆறு சிலிண்டர், 120 குதிரைச் சக்தி. லாரிக்கும் டிராக்டருக்கும் செய்த எஞ்சினைக் கடலுக்குப் பழக்கியது. எளிதில் சாகாது. எஞ்சின் பளபளவென்று புதுப் பெயின்ட்டில் இருந்தால் சந்தேகப்படுங்கள். ஒழுகுகிற இடத்தை மறைக்கப் பெயின்ட்டைப் போல மலிவான மருந்து கிடையாது. ஸ்டார்ட் செய்யச் சொல்வதற்கு முன்னால் கை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருக்க வேண்டும். சூடாக இருந்தால், குளிரில் கிளம்ப மறுக்கிற எஞ்சினை நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். நான் கை வைத்தேன். சூடு. பையனைப் பார்த்தேன். “வெயில் சூடு, அங்கிள்” என்றான். எஞ்சின் அறைக்குள் வெயில்.

இரண்டாவது மேல்தளம். பைபர்கிளாஸில் மேலே ஒரு தோல், கீழே ஒரு தோல், நடுவில் மரம். அதன் மேல் அழகுக்குத் தேக்குப் பலகை. பலகையைப் பிடித்து நிற்க ஆயிரக்கணக்கில் திருகாணி. ஒவ்வொரு திருகாணியும் ஒரு ஓட்டை. நம் ஊர் மழையோ சாயங்காலம் தவறாமல் வந்து ஓட்டை தேடுகிறது. உள்ளே மரம் ஊறிப் போனது வெளியே கண்ணுக்குத் தெரியாது. காதுக்குத்தான் தெரியும். பிளாஸ்டிக் தலை வைத்த சுத்தியலால் கைக்குக் கை தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இடம் ‘டக்’ என்னும். ஊறிய இடம் ‘தொப்’ என்னும்.

தட்டியதற்குத்தான் பையன் முகத்தைச் சுளித்தான். “அங்கிள், தட்டாதீங்க, மார்க் விழும்.”

தட்டாமல் என்னத்தை வாங்குவது? தேங்காயைத் தட்டாமல் வாங்கியிருக்கிறோமா? தை மாதம் பிறப்பதற்கு முன் துன் சம்பந்தன் சாலையில் பானை குவித்து வைத்திருப்பார்கள். ஒரு அம்மா பதினாறு பானையைத் தட்டிவிட்டுப் பதினேழாவதை எடுப்பார். “வாங்கப் போறீங்களா, சும்மா தட்ட வந்தீங்களா” என்று எந்தக் கடைக்காரராவது கேட்டதுண்டா? டுரியான்காரர் தானே கத்தியின் பின்பக்கத்தால் தட்டிக் காதருகே வைத்துக் கேட்கிறார். ஏதோ பழம் ரகசியம் சொல்கிற மாதிரி நாமும் பயபக்தியோடு நிற்கிறோம். கோயில் கச்சேரியில் மிருதங்க வித்வான் கல்லையும் கட்டையையும் வைத்து விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தட்டுவார். கால் மணி நேரம் ஆகும். தட்டுவது முடிந்து கச்சேரி தொடங்கிவிட்டதா என்றுகூட எனக்குப் பல தடவை தெரிந்ததில்லை. ஆனாலும் யாரும் ‘மார்க் விழும்’ என்றதில்லை. லாரிக்காரர் இரும்புத் தடியால் டயரைத் தட்டுகிறார். கொத்தனார் காசால் தரை ஓட்டைத் தட்டுகிறார். டாக்டர் நம் நெஞ்சில் விரலை வைத்து, அதன் மேல் இன்னொரு விரலால் தட்டுகிறார். நெஞ்சைத் தட்டிப் பார்க்கும் வித்தையை 1761-ல் புத்தகமாக எழுதியவர் அவுன்புருக்கர் என்ற ஆஸ்திரிய மருத்துவர். அவர் அப்பா விடுதி நடத்தியவர். பீப்பாயில் சரக்கு எவ்வளவு மிச்சம் என்று தட்டிப் பார்ப்பதைப் பார்த்துத்தான் மகனுக்கு யோசனை வந்தது என்பார்கள். சாராயப் பீப்பாயிலிருந்து மனித நெஞ்சு வரை தட்டலாம், போர்ட் கிள்ளானில் நிற்கிற ஒரு கிழட்டுப் படகைத் தட்டக் கூடாது!

ஒத்துக்கொள்கிறேன், பழக்கம் கொஞ்சம் முற்றிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் பழைய கார் வாங்கிக் காட்டினார். கதவைத் தட்டினேன், புட்டி. சொன்னேன். இப்போது லிப்டில் அவர் எண்களையே பார்த்துக்கொண்டு வருகிறார். மச்சான் கிள்ளானில் வீடு வாங்கிப் புதுமனை புகுவிழா வைத்தார். ஐயர் ஹோமத்துக்கு நெய் ஊற்றிக்கொண்டிருந்தார். வாசலில் இரண்டு பெரிய கருங்கல் தூண். நான் வேண்டுமென்று செய்யவில்லை, கை தானாகப் போனது. ‘தொம்’ என்றது. உள்ளே காற்று. மந்திரம் ஓதுவது அரை விநாடி நின்று மறுபடி தொடர்ந்தது. தீபாவளிக்கு அவர்கள் வீட்டிலிருந்து முறுக்கு வருகிறது, அழைப்பு வருவதில்லை.

சரி, மூன்றாவது டீசல் டாங்க். துரு இருந்தால், உரிமையாளர் ஏன் தாயகம் திரும்புகிறார் என்று தெரிந்துவிடும். அன்றைக்கு வந்த இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். கறுப்புக் கண்ணாடி, வீடளவு கார். பையன் குடை பிடித்துக்கொண்டு ஓடினான். அந்த மனிதர் படகுக்குள் மூன்று நிமிடம் இருந்தார். சோபாவை ஒரு தடவை அமுக்கினார். கராவோக்கே உண்டா என்று கேட்டார். அவருக்குக் குளிர்ந்த காப்பி டின் கொடுத்தார்கள். எனக்கு ஒரு கேள்வி கொடுத்தார்கள். எஞ்சினில் அவர் கை வைக்கவில்லை. வைத்திருந்தால் அவர் வெயில் என்றே நம்பியிருப்பார்.

வாங்குகிறவர்கள் இப்படித்தான் வாங்குகிறார்கள். ‘எக்குவானிமிட்டி’ சொகுசுப் படகு ஞாபகம் இருக்கிறதா? 300 அடி, நான் பார்த்த டிராலர் மாதிரி ஏழு படகை வரிசையாக நிறுத்தலாம். 2014-ல் நெதர்லாந்தில் கட்டி முடித்தார்கள். அரசாங்க முதலீட்டு நிதியான 1எம்டிபியின் பணத்தில் ஜோ லோ 25 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது என்று அமெரிக்காவில் வழக்கு. 2018 பிப்ரவரியில் பாலியில் பிடித்து, ஆகஸ்டில் இங்கே இண்டா தீவில் கொண்டுவந்து கட்டினார்கள். ஹெலிகாப்டர் மேடை, நீச்சல்குளம், நீராவிக் குளியல். மூன்று கோடிப் பேரும் சும்மாதான் பார்த்தோம். தே தாரிக் கடைக்குக் கடை ஆளுக்கொரு விலை போட்டோம். நிறுத்தி வைக்கும் செலவும் ஆள் சம்பளமும் மாதாமாதம் அரசாங்கத்தின் தலையில் ஏறியது. கடைசியில் 2019 ஏப்ரலில் 12 கோடியே 60 லட்சம் டாலருக்கு கெந்திங் நிறுவனம் வாங்கியது. ஐந்து வருஷத்தில் பாதி விலை. பழைய படகின் கணக்கு அதுதான். நான் இன்றுவரை ஒரு படகும் வாங்கவில்லை. அந்த வகையில் எனக்கு நஷ்டம் ரயில் டிக்கெட்டும் தோசையும்தான்.

என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, டெக்கில் பாய் விரித்துப் படுத்து, போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர் இருந்த இதே துறைமுகத்தில் இறங்கியவர். அவரை எஞ்சின் அறைப் பக்கம் யாரும் விட்டிருக்க மாட்டார்கள். பேரன் படுத்துப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்?

திரும்பும்போது பையனிடம் சொன்னேன். “தம்பி, முன்பக்கம் நங்கூரச் சங்கிலிக்குப் பக்கத்தில் இரண்டு முழம் ஊறியிருக்கு. உன் முதலாளிகிட்ட சொல்லு.” போனைப் பார்த்தபடி தலையை ஆட்டினான்.

நேற்று ராத்திரி விளம்பரத்தை மறுபடி பார்த்தேன். விலை இருபதாயிரம் வெள்ளி இறங்கியிருக்கிறது. புதுப் படங்களும் போட்டிருக்கிறார்கள். முன்பக்கம், நங்கூரச் சங்கிலிக்குப் பக்கத்தில், சரியாக இரண்டு முழத்துக்கு ஒரு புதுப் பாய். பாயின் மேல் ஒரு தட்டில் ஆரஞ்சுப் பழம். ஆறு இருந்தது. எண்ணிப் பார்த்தேன், சும்மா.