கைத்தடி ஒன்று, பல் மூன்று

மோனா ஃபண்டேயிடம் ஒரு கைத்தடியும் ஒரு சொங்கோக் தொப்பியும் இருந்தன. இந்தோனேசியத் தலைவர் சுகர்ணோ பாவித்த சாமான்களாம். தடியைப் பிடித்துத் தொப்பியைப் போட்டால் பதவி தானாக வந்து காலில் விழுமாம். விலை 25 லட்சம் ரிங்கிட். மலேசியாவின் பஹாங் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் மஸ்லான் இட்ரிஸ், அமெரிக்காவில் படித்த மனுசன், 5 லட்சத்தை முற்பணமாகக் கட்டி, மிச்சத்துக்குப் பத்துக் காணி உறுதிகளை ஈடு வைத்தார். காணி உறுதியையே கொடுத்துவிட்டார் என்றால் எவ்வளவு நம்பியிருப்பார் என்று யாழ்ப்பாணத்தானுக்கு விளக்க வேண்டியதில்லை.

விற்றவர் யார்? 1987இல் ஒரு பாட்டுத் தொகுப்பு வெளியிட்டு, எடுபடாமல், மாந்திரீகத்துக்கு மாறிய பாடகி. அப்படிப்பட்ட தொப்பியை நீயே போட்டுக்கொண்டு பாடியிருக்கலாமே பிள்ளை என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. 1993 ஜூலையில் மஸ்லானைக் கண்ணை மூடிப் படுக்கச் சொன்னார்கள், வானத்திலிருந்து காசு கொட்டுமென்று. விழுந்தது கோடரி. மோனா கொழும்புக்குப் போகும் கலியாண வீட்டுக்காரர் மாதிரிக் கோலாலம்பூர் போய்க் கடை கடையாக ஏறி, பென்ஸ் காரும் வாங்கினார். வழக்கு நடந்தபோது படம் பிடித்தவர்களைப் பார்த்துச் சிரித்து, தனக்கு இவ்வளவு ரசிகர்களா என்றும் கேட்டாராம். பாட்டுக்குக் கிடைக்காத பேர் கொலைக்குக் கிடைத்தது. 2001இல் தூக்கு. அந்தக் கதையின் சாயலில் டெயின் சைட் எடுத்த ‘டுக்குன்’ படத்தையும் ஏதோ பிடித்துக்கொண்டது போல: 2006இல் எடுத்தது 2018இல்தான் தியேட்டருக்கு வந்தது.

நல்லூரில் இருந்துகொண்டு மலாய்க்காரரைப் பார்த்துச் சிரிக்க எங்களுக்கு அருகதை காணாது. எங்களிடமும் 1560இல் அப்படியொரு சாமான் இருந்ததாகப் போர்த்துக்கேயர் தியோகு டு கூட்டோ எழுதிவைத்திருக்கிறார். புத்தருடைய பல். அதை வைத்திருப்பவனுக்கே இலங்கை ஆட்சி என்பது அந்தக் கால நம்பிக்கை. அந்தப் பல் பத்திரமாக இருந்த நல்லூருக்குள் கோவாவின் போர்த்துக்கேய ராஜப்பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா படையோடு நுழைய, அரசன் முதலாம் சங்கிலி வன்னிப் பக்கம் ஓட்டம் பிடித்தான். பல்லுக்கு அன்றைக்கு விடுமுறை போலும். ஆனால் சங்கிலியைச் சும்மா சொல்லக்கூடாது. கொஞ்ச நாளில் ஊர்ச்சனம் கிளம்பி, வந்தவர்களைத் துரத்திவிட்டது. பிரகன்சா மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டியதோடு ஆறுதலடைந்தார். பல் மட்டும் கோவாவுக்குக் கப்பலேறிவிட்டது.

செய்தி கேட்ட பர்மாவின் பெகு அரசன் பயின்னௌங், லட்சக்கணக்கான குருசாடோ தருகிறேன், பல்லைத் தா என்று ஆளனுப்பினான். கோவாவில் காசுக்குத் தட்டுப்பாடு. தளபதிமாருக்கு வாய் ஊறியது. பேராயர் கஸ்பார் விடவில்லை. பாதிரிமார் கூடிப் பேசி, பல்லை உரலில் போட்டு இடித்து, நெருப்பில் எரித்து, சாம்பலை ஆற்றில் கரைத்தார்கள். வெறும் எலும்பு என்றால் எதற்கையா இத்தனை சடங்கு? எங்களூர்ப் பேயோட்டிகூடச் செய்வினைத் தகட்டை எடுத்துக் கடலில் வீசுவதோடு விட்டுவிடுவான்.

இதற்குள் சிங்களவர் பக்கத்துக் கதையே வேறு. உண்மையான பல் சப்ரகமுவாவின் தெல்கமுவ விகாரையில், குரக்கன் அரைக்கும் திரிகைக் கல்லுக்குள் பக்குவமாக ஒளிந்திருந்ததாம்.

பிறகு கோட்டை இராச்சியத்து அரசன் தர்மபாலன், அவனோ ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கன், பெகு அரசனுக்கு ஒரு பெண்ணையும் ஒரு பல்லையும் அனுப்பிவைத்தான். பெண் அரசிளங்குமரி இல்லை, அரண்மனை அதிகாரி ஒருவரின் மகள். பல்லோ மான்கொம்பில் செதுக்கியது. இதைக் கேட்ட கண்டி அரசனுக்குப் பொறுக்கவில்லை. அசல் என்னிடம் இருக்கிறது, மகளும் தருகிறேன் என்று ஓலை விட்டான். பெகு அரசன் என்ன செய்வான்? ஊரைக் கூட்டி, படகு அலங்கரித்து, கோலாகலமாகப் பல்லை வரவேற்றுக் கோயிலிலும் வைத்தாயிற்று. இனி மான்கொம்பு என்று எந்த முகத்தோடு சொல்வது? ஓலையைக் காணாதவன் போல இருந்து, அதையே கும்பிட்டான்.